டி.எச். ரோடு சுவரில் ஒட்ட வேண்டிய போஸ்டர்

வடசென்னையில், டி.எச். ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு) போகிற தண்டையார்பேட்டையில் போஸ்டர் டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் சுவருக்குப் போகும். நியூயார்க்கில் இருந்த கிரான் ஃபியூரி என்ற குழுவை எனக்குத் தொழில்காரர்களாகத்தான் பிடிக்கும். மியூசியத்தில் அவர்களைக் கருத்தியல் கலைஞர்கள் என்பார்கள். சரி, சொல்லட்டும். அவர்கள் செய்தது போஸ்டர் வேலை. அதை அவ்வளவு கோபத்தோடும் அவ்வளவு சுத்தமாகவும் செய்தவர்கள் குறைவு.

1980-களில் அங்கே எய்ட்ஸ் வந்து தன்பாலீர்ப்பு ஆண்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதிபர் ரீகன் வருஷக்கணக்கில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1987-ல், எய்ட்ஸ் விஷயத்தில் அரசை எதிர்த்து நின்ற ஆக்ட் அப் என்ற அமைப்பின் போராட்டக்காரர்கள் நியூ மியூசியத்தின் தெருப் பக்கக் கண்ணாடி ஜன்னலில் ஒரு காட்சி வைத்தார்கள். பின்னால், நாஜித் தலைவர்களைக் கூண்டில் ஏற்றிய நியூரம்பெர்க் விசாரணையின் பெரிய புகைப்படம். முன்னால் எய்ட்ஸ் நோயாளிகளை இழிவாகப் பேசிய பெரிய மனிதர்களின் படங்கள், அவரவர் பேசியது அவரவர் காலடியில் கான்கிரீட் பலகையில். ரீகனின் பலகை மட்டும் வெறுமை. மேலே நியான் விளக்கில் ஒரு இளஞ்சிவப்பு முக்கோணம், அதோடு ‘மௌனம் = மரணம்’. நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பு ஆண்களின் சட்டையில் தைத்த அடையாளம் அந்த முக்கோணம். இவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்த ஜன்னலைச் செய்தவர்களிலிருந்துதான் 1988-ல் கிரான் ஃபியூரி பிறந்தது. நியூயார்க் போலீஸ் ஓட்டிய ஒரு பிளைமவுத் காரின் பெயரை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1989-ல் அவர்கள் செய்த பஸ் போஸ்டர். மூன்று ஜோடிகள் முத்தமிடுகிறார்கள்: ஒரு ஆணும் பெண்ணும், இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். பார்த்தால் பெனட்டன் துணி விளம்பரம் என்றே நினைப்பீர்கள். அதே பளபளப்பு, அதே வெள்ளைப் பின்னணி. படித்தால்தான் விஷயம் தெரியும்: ‘முத்தம் கொல்லாது, பேராசையும் அலட்சியமும்தான் கொல்லும்.’ அதற்குக் கீழே கம்பெனிகளின் பேராசையையும் அரசின் செயலின்மையையும் குற்றம் சொல்லும் ஒரு வரி இருந்தது. காசு கொடுத்த அமைப்பு அந்த வரியை எடுக்கச் சொன்னது. சிகாகோவில் அதை ஒட்டிய பஸ்கள் ஓடத் தொடங்கியதும் போஸ்டர்மேல் கறுப்பு பெயிண்ட் பூசினார்கள். இல்லினாய் மாநில செனட், தடை கேட்டு மசோதாவே நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை என்பது வேறு. ஒரு பஸ் போஸ்டர் ஒரு சட்டசபையை அப்படி அலற வைத்ததே, அதைச் சொல்கிறேன்.

‘வெளிநாட்டு சமாச்சாரம், நமக்கெதுக்கு?’ என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இந்த ஊரில் எடுத்த ரத்தத்தில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அப்புறம் நம் சுவர்களில் என்ன வந்தது? மண்டை ஓடும் ‘உயிர்க்கொல்லி’யும். பிறகு 2000-களின் தொடக்கத்தில் புள்ளிராஜா என்ற கற்பனை ஆளை வைத்து ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம் வந்தது. டீக்கடை டீக்கடையாக அதைப் பேசினார்கள், ஆணுறையைப் பற்றி வாய்விட்டுப் பேச வைத்தது. அந்த வாசகத்தின் பலத்தை ஒரு டிசைனராக நான் மதிக்கிறேன். ஆனால் அது விரல் நீட்டியது புள்ளிராஜாவின் ஒழுக்கத்தை நோக்கி மட்டும்தான். நோயாளியைத் தொடப் பயந்த ஆஸ்பத்திரியைப் பார்த்தோ, பிணத்தை வாங்காத குடும்பத்தைப் பார்த்தோ அன்று எந்தப் போஸ்டரும் கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை.

இப்போது ஜூன் வந்தால், தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநங்கைகளுக்குமான பிரைட் மாதம் என்று வானவில் வரைகிறார்கள். பாலத்துத் தூண்களில் பூவும் பட்டாம்பூச்சியும் திருநங்கை முகமும். வரைகிறவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தச் சுவர் யாரையும் சங்கடப்படுத்தவில்லை என்பதுதான் என் வருத்தம். வீடு தர மறுத்த ஹவுஸ் ஓனர் அதே தூணுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு நிம்மதியாகப் போகிறார்.

போன வருஷம் ஒரு கண்ணீர் அஞ்சலி வேலை வந்தது. செத்தவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வீட்டார் எழுதிக் கொடுத்த லிஸ்ட்டில் அப்பா, அம்மா, தாய்மாமன், சித்தப்பா, பங்காளிகள் எல்லாரும் இருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு பையன் தனியாக வந்து கடை வாசலில் நின்றான். “ணா, என் பேர் எங்க வருது?” என்றான். அவனும் செத்தவனும் வருஷக்கணக்கில் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவர்கள், தெருவுக்கே தெரியும். திரையில் காட்டினேன். கடைசி வரிசை, ‘நண்பர்கள்’ என்ற தலைப்பு, கிரிக்கெட் டீம் பையன்களுக்கு நடுவில் அவன் பேர். வீட்டார் எழுதிக் கொடுத்தபடியே அது அச்சுக்குப் போனது. காலையில் கல்மண்டபம் வரைக்கும் ஒட்டியிருந்தது.

வடசென்னைக்காரனுக்கு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சின்ன விஷயமில்லை. யார் யாருக்கு என்ன உறவு என்று ஊருக்கு அறிவிக்கிற பத்திரம் அது. வயதுவந்தவர்கள் விரும்பிக்கொள்ளும் தன்பாலுறவைக்கூட 377-வது சட்டப்பிரிவு குற்றமாக்கியது 2018-ல் போனது. 2021-ல் தன்பாலீர்ப்பாளர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று போலீசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. இதெல்லாம் டி.எச். ரோட்டுக்கு வந்து சேரவில்லை.

அதனால் எனக்கு இங்கே வேண்டியது வானவில் இல்லை. கிரான் ஃபியூரி பெனட்டனை எடுத்த மாதிரி நாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எடுக்க வேண்டும். அதே முட்டை வடிவப் போட்டோ, அதே தோற்றம் மறைவு, அதே சிவப்பு மஞ்சள் எழுத்து. துணைவர் பேர் முதல் வரிசையில். கீழே நன்கொடையாளர்கள் இருக்கும் இடத்தில் வீடு தராதவர், ஆஸ்பத்திரியில் ‘நீ யாரு?’ என்று வாசலில் நிறுத்தியவர், பிணத்தைத் தராதவர். ஆள் பேர் சொல்ல முடியாவிட்டால் வேலையின் பேரைச் சொல்வோம். நடந்து போகிறவர் வழக்கம்போல யார் செத்தது என்று நின்று படிப்பார். படித்து முடிப்பதற்குள் கேள்வி அவரிடம் போய்விடும்.

கிழிப்பார்கள், தெரியும். கார்ப்பரேஷன் சுவரில் ஒட்டினால் கேஸ் வரும். அதனால் காம்பவுண்டு சொந்தக்காரர்களிடம் கேட்டு ஒட்டலாம், இரண்டு பேர் எனக்கு இப்போதே சரி சொல்லியிருக்கிறார்கள். டிசைன் கூலி எனக்கு வேண்டாம். டபுள் டெமி சைஸ், மல்டி கலர், பேப்பரும் பசையும் மட்டும் செலவு. வாசகத்தை அந்த வலியைப் பட்டவர்கள்தான் எழுத வேண்டும், என்னைப் போன்றவர்கள் இல்லை. எழுத விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், பெயர் வெளியே போகாது.