மீன் கழுவிய தண்ணீரும் என் ஓர்க்கிட்டும்

மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. ஓர்க்கிட்டுக்கு இல்லை. இதைப் பெயின்ற்றால் எழுதிக் கேற்றில் தொங்கவிட வேண்டுமா?

பத்து மாதம் சுமக்கவில்லைதான். ஆனால் எட்டு மாதம் சுமந்தேன் அந்தச் சாடியை. மலைநாட்டில் வாங்கிய பலனொப்சிஸ் வகை ஓர்க்கிட், திருகோணமலையில் வந்து இறங்கியது வெக்கையான கச்சான் காற்று தொடங்கிய கிழமை. ஒரே மாதத்தில் ஆறு இலையில் இரண்டுதான் மிச்சம், அதுவும் பழைய செருப்புத் தோல் மாதிரிச் சுருங்கி. அழுகிய வேரை எல்லாம் வெட்டினேன். வெட்டுவாயில் மட்டும் கறுவாத்தூள் தடவினேன் (நல்ல வேரில் பட்டால் அதையும் காயவைத்துவிடும்). கரித்துண்டும் தும்பும் போட்டுக் கிணற்றடி நிழலில் வைத்தேன். வேர் வெள்ளி நிறமானால் தண்ணீர். பச்சையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இரு. பெற்ற பிள்ளைகளிடம்கூட நான் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

மாரி வந்து இரவு கொஞ்சம் குளிர, இலையிடுக்கில் ஒரு பச்சை முனை. வேரா, பூந்தண்டா? வேர் என்றால் நுனி உருண்டு மழுமழுவென்றிருக்கும். இதுவோ கைக்குழந்தையின் கையுறை மாதிரி, ஒரு பக்கம் பெருவிரல் தள்ளியபடி. தண்டேதான்! போன கிழமை என் நடுவிரல் நீளம்.

நேற்று மாமி வந்தார். சூடை மீன் வாங்கி வந்தார். அதற்குக் குறை சொல்லவில்லை. கிணற்றடியில் குந்தியிருந்து கழுவினார். அரை வாளித் தண்ணீர், செதிளும் குடலும் மிதக்க. முருங்கை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. கறிவேப்பிலை இன்னும் கிட்ட. வாழை இருக்கிறது. ஒன்றும் வேண்டாம், காலடியில் வாய்க்கால் இருக்கிறது. மாமி நிமிர்ந்தார். முருங்கையைப் பார்த்தார். வாழையைப் பார்த்தார். எல்லாவற்றையும் தாண்டி நாலடி நடந்துபோய், என் ஓர்க்கிட்டின் குருத்துக்குள் குறி தப்பாமல் ஊற்றினார். குருத்தில் நல்ல தண்ணீர் ஓர் இரவு தேங்கினாலே அழுகிவிடும் என்று ஈர்க்கில் பஞ்சு சுற்றி ஒற்றி எடுக்கிற ஆள் நான். அதில் சூடைச் செதிள்!

கழுவிவிட நான் நல்ல தண்ணீர் அள்ளுவதற்குள் பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. பின்னால் இன்னொன்று. சாடி விழுந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அந்த வேர்தானே பிள்ளை முறிஞ்சது? வேற வேர் வரும்.”

வேர்.

“முருங்கைக்கு ஊத்தினா எப்பிடிக் காய்க்குது பார்!”

முருங்கைக்கு, மாமி. முருங்கைக்கு! முறிந்த இடத்தில் தடவக் கறுவாத்தூள் பேணியை எடுத்தால், கறிக்கு வைத்ததைச் செடிக்குக் கொட்டுகிறேனாம். அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

பூந்தண்டின் அடியில் ஒரு கணு மிச்சம். அதிலிருந்து கிளைக்கலாம், கிளைக்காமலும் போகலாம். மாமி போன பிறகு ஈர்க்கும் பஞ்சுமாக இருந்து செதிள் பொறுக்கினேன். பதினொரு செதிள். நாற்றம் சொல்ல வேண்டாம். பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பினால் முற்றத்தில் மான். பஸ் நிலையத்தடியில் பொலித்தீன் மென்றுகொண்டு திரிகிற அதே கூட்டம். என் செவ்வரத்தையில் ஒரு மொட்டு மிச்சமில்லை. கடைசிப் பூவை வாயில் தொங்கவிட்டுக்கொண்டு என்னையே பார்க்கிறது. அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கேற்றைச் சாத்தாமல் போனது யார் என்று கேட்காதீர்கள்.