குடோன் வேலைக்குப் போகலாமா?

அக்கா மகன் என்னைப் போலவே இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்தவன். ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் குடோனில் வேலை கிடைத்திருக்கிறது. "நாலு வருஷம் படிச்சிட்டு மூட்டை எண்ணப் போறியா" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்க, "போகலாமா மாமா?" என்று நேற்று எனக்கு போன் செய்தான். இதே கேள்வியோடு இன்னும் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

மைக் டியூக் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 1971ல் இதே படிப்பை முடித்தவர். அதன்பின் பல வருஷம் டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனங்களில் வேலை. 1995ல் அமெரிக்காவின் பெரிய கடைத்தொடர் நிறுவனமான வால்மார்ட்டில் சேர்ந்தபோதும் சரக்கு விநியோகப் பிரிவுதான். 2003ல் அமெரிக்கக் கடைகள் அவர் பொறுப்பில் வந்தன, 2005ல் வெளிநாட்டுப் பிரிவு, 2009 பிப்ரவரியில் 20 லட்சம் பேருக்கு மேல் வேலை பார்க்கும் அந்த நிறுவனத்துக்கே தலைமைச் செயல் அதிகாரி. அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த லீ ஸ்காட், 1979ல் லாரிப் போக்குவரத்துப் பிரிவில் சேர்ந்தவர். 2014ல் அடுத்து வந்த டக் மெக்மில்லன், 1984 கோடையில் குடோனில் லாரியிலிருந்து சரக்கு இறக்கியவர். மூன்று பேர், வரிசையாக. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கடை என்றால் நமக்குத் தெரிவது அலமாரியும் பில் போடும் இடமும்தான். விலை தீர்மானமாவது அதற்கு வெகு முன்னால். சரக்கை ரேக்கில் ஏற்றி வாரக்கணக்கில் வைத்தால் வாடகை, வட்டி, ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் அந்தச் சோப்புக்கட்டியின் தலையில்தான் விழும். வால்மார்ட் வளர்த்தெடுத்த கிராஸ் டாக்கிங் முறையில், ஒரு வாசலில் இறங்கும் பெட்டி ரேக்கைத் தொடாமலே எதிர்வாசலில் நிற்கும் லாரிக்குப் போய்விடும். கடையில் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியும் சும்மா வராது, வழியில் சப்ளையரிடம் லோடு ஏற்றிக்கொண்டு வரும். ஒரு பெட்டி எத்தனை கை மாறுகிறது, எங்கே வீணாக நிற்கிறது என்று பார்க்கத்தான் நாங்கள் நாலு வருஷம் படிக்கிறோம். அப்படிப் பார்க்கத் தெரிந்தவரைத் தலைமைக்குக் கொண்டுவந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நம் ஊர்க் கடைக்காரர்கள் பலர் குடோனுக்கு அனுப்புவதைத் தண்டனையாக வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் அவனிடம் இதையும் சொன்னேன். டியூக் தலைமையில் இருந்தபோதுதான், 2012 நவம்பரில், டாக்கா அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வால்மார்ட்டுக்கான துணிகளும் அங்கே தைக்கப்பட்டிருந்தன. சப்ளையர் அனுமதியில்லாமல் வேலையை அங்கே கொடுத்துவிட்டார் என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் எந்தப் பெட்டி எந்த லாரியில் இருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு, சட்டை எந்தக் கட்டடத்தில் தைக்கப்படுகிறது என்பது தெரியாமல் போனதை நான் ஏற்கவே மாட்டேன். அதுவும் அளக்க வேண்டிய விஷயம்தான், அளக்கவில்லை.

சரி, அவன் திங்கட்கிழமை சேர்கிறான். முதல் மாதம் இரண்டு விஷயத்தை நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்: வந்த லாரி இறக்காமல் எத்தனை மணி நேரம் நிற்கிறது, லோடு இறக்குகிறவர்கள் மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.