பதினேழு வயதுப் பையனிடம் வியாபாரம் பேசாதீர்கள்

இங்கே அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணி, ஒரு பள்ளிப் பையனுக்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டுக் கைவிட்டது. அதைப் பற்றி நேற்று நம் குழுவில் நடந்த பேச்சைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கேயும் இருக்கிறீர்கள். அந்தக் கல்லூரியின் பெயரையோ பயிற்சியாளரின் பெயரையோ எழுதமாட்டேன். பையனின் பெயரையும்தான். ஆனால் "இதெல்லாம் பிசினஸ் அக்கா, உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்று எழுதிய தம்பிக்கும், அதற்குக் கைதட்டிய பெரியவர்களுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

வியாபாரம் என்றால் இரண்டு பக்கமும் பேரம் பேசத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் பயிற்சியாளர், அவருக்கு உதவியாளர்கள், வழக்கறிஞர்கள். மறுபக்கம் இன்னும் கணக்குப் பரீட்சைக்குப் பயப்படுகிற ஒரு பையன். இதற்குப் பெயர் வியாபாரமா?

நடந்தது சுருக்கமாக இதுதான். செப்டம்பரில் வாய்வார்த்தையாக இடம் கொடுத்தார்கள். நவம்பரில் கையெழுத்துப் போடும் காலம் வந்தபோது, "என்ன அவசரம், வசந்தத்தில் போட்டுக்கொள்ளலாம், நீ எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றார்கள். கையெழுத்து விழுந்துவிட்டால் ஸ்காலர்ஷிப் கொடுத்தே தீர வேண்டும். வாய்வார்த்தைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இது அவர்களுக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது. ஏப்ரலில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) வழியாக ஏற்கெனவே இரண்டு கல்லூரிகளில் ஆடிய, இருபத்துமூன்று வயதான ஒருவர் கிடைத்துவிட்டார். இவனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ஸ்காலர்ஷிப் இல்லாமல் வேண்டுமானால் வா, இல்லையென்றால் கல்லூரிக்கு முந்தைய ஆயத்தப் பள்ளியில் ஒரு வருடம் இருந்துவிட்டு வா, பார்க்கலாம்.

அந்த அழைப்பு வந்தபோது அவன் என் காரில் உட்கார்ந்திருந்தான். "சரி கோச். புரிகிறது கோச். நன்றி கோச்." கையை விரித்தவருக்கே நன்றி சொன்னான்! பிறகு அந்தக் கல்லூரியின் பெயர் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, பைக்குள் வைத்தான். நான் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

"உங்கள் பையனுக்கு இடம் கிடைக்காத வயிற்றெரிச்சல்" என்று யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். என் மகன் பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறான். பந்தைப் பார்த்தால் ஒதுங்கிப்போகிற ரகம். இவன் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவன் அம்மாவுக்கு இரவு வேலை என்பதால், கோடைக்கால கிளப் போட்டிகளுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஒரே கூரையின் கீழ் எட்டுப் பத்து ஆடுகளங்கள், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் விசில். எல்லைக்கோட்டுக்குப் பின்னால் கல்லூரிச் சின்னம் போட்ட சட்டைகளில் பயிற்சியாளர்கள் மடக்கு நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பையன்கள் பந்தைப் பார்ப்பதற்கு முன் அந்தச் சட்டைகளைப் பார்ப்பார்கள். இரண்டு வருடம் முன்பு அந்த நாற்காலிகளில் இடம் கிடைக்காது. இப்போது நிறைய காலியாக இருக்கின்றன. ஏன் என்று நான் சொல்ல வேண்டுமா? ஆளைப் போர்ட்டலில் தேடுகிறார்கள்.

அடுத்த கேள்வியும் தெரியும். "அப்படியானால் வீரர்கள் கல்லூரி மாறும் சுதந்திரத்துக்கு நீங்கள் எதிரியா?" இல்லை. முன்பு ஒரு வீரர் கல்லூரி மாறினால் பெரும்பாலும் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வேண்டும். பயிற்சியாளர் மட்டும் இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர் என்று போவார், யாரும் கேட்கமாட்டார்கள். 2018இல் போர்ட்டல் வந்தது. 2021இல் ஒரு முறை மாறினால் உடனே ஆடலாம் என்றார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. டால்டன் கெனெக்ட் என்ற வீரர் நார்தர்ன் கொலராடோ கல்லூரியிலிருந்து டென்னசி கல்லூரிக்குப் போனதால்தானே உலகத்துக்குத் தெரிந்தார்? பணம் கிடைப்பதிலும் எனக்கு வருத்தமில்லை. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரச ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கெல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். கொடுக்கட்டும். இத்தனை காலம் சும்மா ஆடினார்கள்.

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு விலை கொடுப்பது யார்? அதைத்தான் கேட்கிறேன், அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன். கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் (டிவிஷன் 1) சுமார் 364 கல்லூரிகள். கல்லூரிக்குப் பதின்மூன்று ஸ்காலர்ஷிப் என்பதுதான் நெடுங்காலக் கணக்கு. இப்போது பதினைந்து பேர் வரை வைத்துக்கொள்ளலாம். 2025 வசந்தத்தில் போர்ட்டலில் பெயர் கொடுத்த ஆண் வீரர்கள் மட்டும் 2000க்கும் மேல். ஒவ்வொருவரும் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து இன்னொரு நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார். நின்றுகொண்டிருப்பவன் யார்? இன்னும் கூடத்துக்குள்ளேயே வராத பள்ளிப் பையன்.

பயிற்சியாளர்களின் கணக்கும் எனக்குப் புரியாமல் இல்லை. நம் இந்தியானா மாநிலத்திலேயே நடந்ததைப் பாருங்கள். 2024இல் இந்தியானா ஸ்டேட் கல்லூரி 32 ஆட்டம் ஜெயித்தது. அந்த அணியின் கண்ணாடி போட்ட ராபி அவீலாவை யார் மறப்பார்கள்? சீசன் முடிந்தது, பயிற்சியாளர் செயின்ட் லூயி கல்லூரிக்குப் போனார், அவீலா பின்னாலேயே போனார், முதல் ஐவரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு செயின்ட் பீட்டர்ஸ். நம் பர்டியூ கல்லூரியையே வீழ்த்திய அந்தச் சின்னக் கல்லூரி (அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை) சில வாரங்களில் கலைந்துபோனது. இதைப் பார்த்த பயிற்சியாளர், "பள்ளிப் பையனை எடுத்து இரண்டு வருடம் செதுக்கி எவனுக்கோ தாரை வார்ப்பதற்குப் பதில், ஆயத்தமாக இருக்கிறவனை எடுத்துவிடலாமே" என்று நினைப்பார். நினைக்கட்டும். ஆனால் அப்படி நினைப்பவர் செப்டம்பரில் பையன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுக்க வேண்டாம். அவ்வளவுதான். இது கூடவா பெரிய கோரிக்கை?

"அனுபவமுள்ள அணிதான் ஜெயிக்கும்" என்று ஒருவர் புளோரிடா கல்லூரியை இழுத்தார். உண்மைதான், 2025 தேசியக் கோப்பையை வென்ற அந்த அணியில் வால்டர் கிளேட்டன் ஐயோனாவிலிருந்து வந்தவர், அலைஜா மார்ட்டின் புளோரிடா அட்லான்டிக்கிலிருந்து. பக்கத்து கென்டக்கியில் மார்க் போப் 2024இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது ஸ்காலர்ஷிப் வீரர் ஒருவர்கூட மிச்சமில்லை. பெரும்பாலும் போர்ட்டலிலேயே அணியைச் சேர்த்து, தேசியப் போட்டியில் கடைசிப் பதினாறு அணிகள் சுற்று வரை போனார். கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் நீங்களும் நானும் பர்டியூ ரசிகர்கள்தானே? ஸாக் ஈடி பள்ளி முடித்தபோது நாட்டின் முதல் நானூறு பேரில்கூட இல்லை. கூடைப்பந்தையே தாமதமாகப் பிடித்த, ஏழு அடி நான்கு அங்குலப் பையன். நம் பயிற்சியாளர் மேட் பெயின்டர் எடுத்தார், முதல் வருடம் இன்னொருவருக்குப் பின்னால் நிறுத்தினார், பொறுத்தார். 2023, 2024 இரண்டு ஆண்டும் நாட்டின் சிறந்த வீரர் அவர்தான். 2024 இறுதி ஆட்டத்தில் தோற்றோம், ஆனால் அவர் 37 புள்ளி எடுத்தார். (2023இல் ஃபேர்லி டிக்கின்சன் என்ற சின்னக் கல்லூரியிடம் தோற்றதை யாரும் நினைவூட்ட வேண்டாம். நன்றாகவே நினைவிருக்கிறது.) பர்டியூவின் மேக்கி அரங்கில் நின்று தொண்டை கிழியக் கத்திய அதே ஆட்கள்தான் இன்று "பள்ளிப் பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்று எழுதுகிறீர்கள். படிக்கச் சிரிப்பாக இருக்கிறது.

"டிவிஷன் 2, அதாவது இரண்டாம் பிரிவு இருக்கிறதே" என்று இன்னொருவர். இருக்கிறது ஐயா. அங்கே போகிறவன் அங்கே இருக்க வேண்டியவனைத் தள்ளிவிட்டுத்தான் போவான். அடுத்த கேள்வி.

"பயிற்சியாளருக்கும் வேலை போய்விடும்." போகும்தான். வர்ஜீனியா கல்லூரிக்கு 2019இல் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் டோனி பென்னட், 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, இந்தச் சூழலுக்கு நான் சரிப்பட மாட்டேன் என்று விலகிவிட்டார். அவர் எந்தப் பையனையும் குறை சொல்லவில்லை, தன்னால் முடியாது என்றார். அந்த நேர்மையில் ஒரு துளி போதும்.

என்னை உண்மையில் சுட்டது அந்தக் கல்லூரியே இல்லை, உங்கள் சிரிப்புக் குறிகள். அதனால் ஒன்றைச் சொல்கிறேன். 2001இல் படித்து முடித்தேன். கையில் கேம்பஸ் வேலைக் கடிதம். அப்பா தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார், எங்கள் ஊர்க் கோவிலில் அர்ச்சனையும் செய்துவிட்டார். பிறகு "சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்று ஒரு கடிதம் வந்தது. அந்தப் பின்னர் வரவே இல்லை. அப்பா காலையில் பால் வாங்கப் போவதற்குக்கூட வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனார். அப்போது ஒருவர்கூட எங்கள் வீட்டுக்கு வந்து "சந்தை நிலவரம் அப்படி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று பொருளாதாரப் பாடம் நடத்தவில்லை. பக்கத்து வீட்டு அத்தை குழம்பு கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான். அந்த வருடம் இதே மாதிரிக் கடிதம் வாங்கியவர்கள் குழுவில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்று உங்களுக்கு வந்த கோபம் நியாயம். இந்தப் பையனுக்காக எனக்கு வந்தால் உணர்ச்சிவசம்.

அவன் அம்மா நேற்று என்னிடம் ஒன்று கேட்டார்: "நாங்கள் நவம்பரிலேயே காகிதத்தைக் கேட்டிருக்க வேண்டுமா?" நல்லவர்கள் என்று நம்பியவர்கள்தான் எப்போதும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். எங்கேயும் பொய் சொன்னவன் இப்படித் தன்னைத்தானே விசாரித்துக்கொள்வதில்லை.

கருத்துப் பெட்டியைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். பிசினஸ் என்று எழுதுகிறவர்கள் கூடவே தங்கள் பிள்ளையின் வயதையும் எழுதுங்கள். இன்னொன்று. சங்கத்தின் கோடை விழாவில் குழந்தைகள் விளையாட்டுப் பொறுப்பை வழக்கம்போல் எனக்கே போட்டிருப்பதாகச் செயலாளர் செய்தி அனுப்பியிருக்கிறார். வாய்வார்த்தைதானே, நானும் கையெழுத்து எதுவும் போடவில்லை. போர்ட்டலில் தேடிப் பாருங்கள், அனுபவசாலி யாராவது கிடைப்பார்.