அந்த ஆடியோவை எடுத்துவிடுங்கள், பெரியண்ணா

முந்தாநாள் நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரியண்ணா போட்ட ஆடியோவை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "மூணு ஊசி போட்டும் எம் பேரனுக்குச் சளிக்காச்சல் வந்துருச்சுங்க, அப்புறம் எதுக்குங்க அந்த ஊசி?" கீழே வரிசையாகக் கைகூப்பி வைத்திருக்கிறீர்கள். படித்தவர்களும்தான்.

பேரனுக்குக் காய்ச்சல் வந்ததில் எனக்கும் வருத்தமே. ஆனால் அது சளி வராமல் இருக்கப் போடும் ஊசி இல்லை. நியூமோகாக்கஸ் என்ற ஒரு கிருமி நுரையீரலிலும் ரத்தத்திலும் மூளைச் சவ்விலும் இறங்காமல் இருக்கப் போடுவது. சளிக்கு எத்தனையோ வைரஸ் இருக்கிறது. இந்த ஊசி அந்த ஒரு கிருமிக்கு.

அமெரிக்காவில் 2000-இல் கைக்குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். அதற்கு முன் 5 வயதுக்குட்பட்ட லட்சம் பிள்ளைகளில் வருஷத்துக்குச் சுமார் 95 பேருக்கு இந்தக் கிருமி ரத்தத்திலோ மூளைச் சவ்விலோ இறங்கியது. பிற்பாடு அது 10-க்கும் கீழே வந்துவிட்டது. ஊசி போடாத பெரியவர்களுக்கும் குறைந்தது. கிருமி குடியிருப்பது சின்னப் பிள்ளைகளின் மூக்கில். அங்கே குறைந்தால் அப்பாருக்கும் ஆத்தாவுக்கும் ஒட்டுவதும் குறையும்.

அது அமெரிக்கா என்பீர்கள். சரி, காம்பியா? மேற்கு ஆப்பிரிக்காவின் ஏழை நாடு. 2005-இல் வெளிவந்த ஆய்வில், ஊசி போட்ட குழந்தைகளிடம் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த சாவே 16 சதவீதம் குறைவு. இந்த ஒரு கிருமியிலேயே பல வகை உண்டு. ஊசியில் இல்லாத வகை வருகிறதாமே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வந்தது, 19ஏ என்ற வகை. அதையும் சேர்த்து, இந்தக் கிருமியின் 13 வகைகளைத் தடுக்கும் ஊசி 2010-இல் வந்துவிட்டது. கம்பெனிக்காரன் லாபமா? 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டு அரசு காசில்லாமல் போடுகிறது. அதற்கு முன் என் மகனுக்குப் போட, சொசைட்டி பால் காசை மாதக்கணக்கில் சேர்த்து வைத்தேன்.

ஏன் சேர்த்தேன் தெரியுமா? 1996-இல் என் தம்பிக்குப் பத்து மாதம். காய்ச்சலில் துவண்டவனைத் தொக்கம் எடுக்க நாட்டு வைத்தியரிடம் கொண்டுபோனோம். இரண்டு நாள் போயிற்று. அப்புறம் கோவையில் முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, இந்தக் கிருமிதான் என்றார்கள். பிழைத்துக்கொண்டான். இரண்டு காதும் போயிற்று. ஏழு வயதுப் பிள்ளை நான், தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அவன் திரும்பவே இல்லை.

ஆத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு இந்த ஊசியே கிடையாது. இன்றைக்கு நர்சம்மா போன் போட்டுக் கூப்பிடுகிறார், நீங்கள் ஆடியோ போடுகிறீர்கள்.

தம்பி இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங். உங்கள் ஆடியோ அவனுக்குக் கேட்காது. அவன் மனைவிக்குக் கேட்டுவிட்டது. மகளுக்கு வரும் புதன்கிழமை மூன்றரை மாத ஊசி. நேற்று ராத்திரி எனக்குப் போன் போட்டு, "போடலாமுங்களா நங்கை, வேண்டாமுங்களா?" என்கிறாள்.

அவன் வீட்டிலேயே இந்தக் கேள்வி, பெரியண்ணா. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.