எலியில் காண முடியாத நோய்

ஆய்வகத்தில் செல்களிலிருந்து வளர்க்கப்படும், கல்லீரலைப் போன்ற சிறு திசுக்களான கல்லீரல் ஆர்கனாய்டுகள் விலங்குச் சோதனையைக் குறைக்கும் என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுகிறது. ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பற்றிய ஆய்வில் அவற்றின் தேவை அதைவிட ஆழமானது. சாதாரண எலியின் கல்லீரல் செல்களை இந்த வைரஸ் தொற்றுவதே இல்லை. மனிதச் செல்லுக்குள் அது நுழைய வழிவிடும் என்டிசிபி என்ற புரதமே 2012இல்தான் கண்டறியப்பட்டது. மனிதத் திசுவிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டில், வைரஸ் செல்லின் உட்கருவில் வட்ட வடிவ டி.என்.ஏ.வாகத் தங்குவதையும், அதன் துண்டுகள் நம் மரபணுத் தொகுதியில் செருகிக்கொண்டு புற்றுநோய்க்கு வழிவகுப்பதையும் ஆராய இயலும்.

பாலக்கோட்டில் வாழ்ந்த என் பெரியப்பா மதுவைத் தொட்டதே இல்லை. அவருக்குக் கல்லீரல் புற்றுநோய் என்றதும் ஊரார் குடியால் வந்தது என்றே பேசியது இன்றும் வலிக்கிறது. ஹெபடைடிஸ் பி இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கட்டுரை ஒரு செய்தியை விட்டுவிட்டது: இந்நோயில் கல்லீரலைச் சிதைப்பது பெரும்பாலும் வைரஸ் அன்று, அதை எதிர்க்கும் நம் நோயெதிர்ப்புச் செல்களே, அவை எளிய ஆர்கனாய்டுகளில் இருப்பதில்லை. பெரியப்பாவுக்குப் பின் பரிசோதித்ததில் எங்கள் குடும்பத்தில் இருவருக்குத் தொற்று உறுதியானது. அவர்கள் உட்கொள்ளும் டெனோஃபோவிர் என்ற மருந்து வைரஸின் பெருக்கத்தை அடக்குகிறதே தவிர, உட்கருவில் தங்கிய அந்த வட்ட டி.என்.ஏ.வை அகற்றுவதில்லை; அதை அகற்றும் மருந்தைத் தேடவே ஆர்கனாய்டுகள் முதலில் பயன்பட வேண்டும் என விரும்புகிறேன்.