கோடில் 'ஏன்' இருக்காது

"ஒரு சாஃப்ட்வேரோட ஆர்க்கிடெக்ச்சர், அதாவது உள்கட்டமைப்பு, தெரியணுமா, கோடைப் படி, எல்லாம் அதிலேயே இருக்கு" என்று சொல்வது பாதிதான் சரி. எந்த மாட்யூல் எதைக் கூப்பிடுகிறது என்பது கோடில் தெரியும், ஆனால் இரண்டு சர்வீஸுக்கு நடுவே நேரடி அழைப்பு வைக்காமல் ஏன் செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஒரு மெசேஜ் க்யூவை வைத்தார்கள், வேறு எந்த வழியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்காது. கைவிட்ட யோசனைக்குக் கோடே கிடையாதே! கிட் ப்ளேம் (எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் கட்டளை) போட்டு பழைய கமிட் செய்தி (மாற்றத்தோடு எழுதிய குறிப்பு), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) விவாதம் என்று தோண்ட வேண்டும். அப்புறம் எழுதியவரையே கேட்க வேண்டும், அவர் வேலையை விட்டுப் போகாமல் இருந்தால். இதற்காகத்தான் மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-இல் ஏடிஆர் (Architecture Decision Record, ஆர்க்கிடெக்ச்சர் முடிவுக் குறிப்பு) என்ற குறிப்பு முறையை முன்வைத்தார்: சூழல், முடிவு, விளைவு, ஒன்றிரண்டு பக்கம், கோடு இருக்கும் ரெப்போவிலேயே. ரெப்போவில் ஏடிஆர் ஃபோல்டர் இருந்தால் முதலில் அதைத் திறங்கள்.