ஒரே ஒரு சின்ன மாற்றம்

தம்பி: அக்கா, உன் ரெசிப்பி தப்பு.

அக்கா: எந்த ரெசிப்பி?

தம்பி: அந்த ஜெல்லிதான். மூணு அடுக்கு, மூணு கலரு, உள்ள பழம், சோடா. நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். கட்டவே இல்ல.

அக்கா: சொன்ன மாதிரியேவா?

தம்பி: அட்சரம் பிசகாம. ஒரே ஒரு சின்ன மாற்றம்தான்.

(யாருக்காவது ஒருமுறையேனும் சமையல் குறிப்பு சொல்லியிருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.)

அக்கா: சொல்லு, என்ன மாத்தினே?

தம்பி: நீ டின் அன்னாசி போடச் சொன்னே. டின்ல அடைச்சு வெச்சதுல என்ன சத்து இருக்கும்? முழு அன்னாசியா வாங்கி, நானே தோல் சீவி, கண்ணு எடுத்து, துண்டு போட்டேன். முக்கால் மணி நேரம்! நடுவுல நாலு துண்டு வாயில போட்டேன், நாக்கு இன்னும் எரியுது.

அக்கா: எரியும். உன் நாக்கை அரிச்ச அதே ஆளுதான் ஜெல்லியையும் அரிச்சிருக்கான்.

தம்பி: யாரு?

அக்கா: பச்சை அன்னாசியில ப்ரோமிலைன்னு ஒரு நொதி இருக்கு. புரதத்தைக் கண்டா துண்டு துண்டா வெட்டிப் போட்டுடும். ஜெலட்டின் முழுக்க முழுக்கப் புரதம், மாட்டுத் தோலு, பன்னித் தோலு, எலும்புன்னு இதுல இருந்து எடுக்கறது. நீ ஃபிரிட்ஜ்ல வெச்சு அது கட்டணும்னு காத்திருக்கே, உள்ள அது வெட்டிக்கிட்டே இருக்கு. டின்ல அடைக்கறப்ப பழத்தைச் சூடு பண்ணுவாங்க, அதுல நொதி செத்துடும். டின்னு சொன்னது அதுக்குத்தான்டா. சத்துக்கா சொன்னேன்?

தம்பி: இதை நீ சொல்லவே இல்லியே.

அக்கா: ஏழாவது நிமிஷத்துல சொன்னேன். பதினோரு நிமிஷம் மூச்சு வாங்கப் பேசி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

தம்பி: அதை ரெண்டு மடங்கு வேகத்துல கேட்டேன்க்கா. இல்லேன்னா நீ இழுத்து இழுத்துப் பேசுவே.

அக்கா: சரி. நாலு மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வைன்னு சொன்னதாவது காதுல விழுந்துச்சா?

தம்பி: விழுந்துச்சே. ரெண்டு மணி நேரம் வெச்சேன்.

அக்கா: ஏன் ரெண்டு?

தம்பி: அதான் சொன்னேனே, ரெண்டு மடங்கு வேகம்.

(இது நிஜமாகவே யோசித்துச் சொன்ன பதிலா, வாய்க்கு வந்ததா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.)

தம்பி: அப்ப டின் அன்னாசி போட்டிருந்தா கட்டியிருக்கும்கறே.

அக்கா: கட்டியிருக்கும்.

தம்பி: பப்பாளி?

அக்கா: அதுலயும் அதே மாதிரி ஒரு நொதி. பப்பைன்னு பேரு. ஏன் கேக்கறே?

தம்பி: சும்மாத்தான். கிவி?

அக்கா: டேய்.

தம்பி: அத்திப்பழம்?

அக்கா: ஜெலட்டினைக் கட்ட விடாத பழங்கள்னு ஒரு பட்டியல் இருக்குடா. அதைக் கையில வெச்சுக்கிட்டா கடைக்குப் போனே?

தம்பி: நீ திராட்சை, ஆப்பிள், ஆரஞ்சுன்னு சொன்னே. ரொம்ப சாதாரணமா இருந்துச்சு. ஆனா அதையும் விடல, போட்டேன். திராட்சை எல்லாம் அடியில போய் உக்காந்துடுச்சு, ஆப்பிள் மேல வந்து மிதக்குது. அதுவும் உன் ரெசிப்பிதான்.

அக்கா: தண்ணியா இருக்கறப்பவே போட்டிருப்பே. அப்படிப் போட்டா கனமானது முங்கும், லேசானது மிதக்கும். கலவையைக் கொஞ்ச நேரம் குளிர வெச்சு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழன்னு வந்ததும் போடுன்னு சொன்னேன். அப்பத்தான் போட்ட இடத்துலயே நிக்கும்.

தம்பி: ஆமா, முட்டைன்னு ஏதோ கேட்டுச்சு. வீட்டுல முட்டை இல்ல, அதனால விட்டுட்டேன்.

அக்கா: முட்டை சேர்க்கச் சொல்லலடா. அது உவமை!

தம்பி: உவமையை எல்லாம் ரெண்டு மடங்கு வேகத்துல கண்டுபிடிக்க முடியாதுக்கா.

அக்கா: அடுக்கு? அடுக்காவது போட்டியா?

தம்பி: அதுல ஒரே ஒரு சின்ன மாற்றம்.

அக்கா: இது எத்தனாவது ஒரே ஒண்ணு?

தம்பி: மூணையும் ஒண்ணாக் கலந்துட்டேன். வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே?

அக்கா: அப்ப எதுக்கு சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு மூணு பாக்கெட் வாங்கினே? கலந்து என்ன கலர் வந்துச்சு?

தம்பி: ஒரு மாதிரி... தரை துடைச்ச தண்ணி கலரு.

அக்கா: அடப்பாவி. அந்த அடுக்குலதான்டா வித்தையே இருக்கு. முதல் அடுக்கை ஊத்தி ஃபிரிட்ஜ்ல வெச்சு, விரலால தொட்டுப் பாக்கணும். விரல்ல லேசா பிசுபிசுன்னு ஒட்டணும், ஆனா உள்ள அமுங்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து அடுத்ததை ஊத்தணும். ரொம்ப இறுகவிட்டா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, கவுத்தறப்ப மேல் மாடி மட்டும் வழுக்கிக்கிட்டு வரும். அவசரப்பட்டுச் சூடா ஊத்தினா கீழ் மாடி கரைஞ்சுடும். ஆறவெச்சு, கரண்டியைக் கவுத்துப் பிடிச்சு, அது மேல மெதுவா ஊத்தணும். குழி விழாம பரவும். கடைசியா வெட்டறப்ப கண்ணாடியில கோடு போட்ட மாதிரி நிக்கும் பாரு...

தம்பி: இதெல்லாம் அந்த மெசேஜ்லயா இருந்துச்சு?

அக்கா: நாலு நிமிஷம் இதேதான் இருந்துச்சு.

தம்பி: அந்த நாலு நிமிஷத்தைத் தள்ளி விட்டுட்டேன். ஆனா ஆரம்பத்துல வரலாறு சொன்னே பாரு, அதை ரெண்டு தடவை கேட்டேன். சொல்லட்டுமா? 1897ல அமெரிக்காவுல, நியூயார்க் மாகாணத்துல லெராய்ங்கற ஊரு. பேர்ல் வெயிட்னு ஒருத்தரு, தச்சரு, இருமல் மருந்தும் காய்ச்சுவாரு. அவர்தான் ஜெலட்டின்ல பழ வாசனை சேர்த்தாரு. ஜெல்லோன்னு பேர் வெச்சது அவரு சம்சாரம். 1899ல மொத்த உரிமையையும் வெறும் 450 டாலருக்கு வித்துட்டாரு!

அக்கா: ஏன் வித்தாருன்னு தெரியுமா?

தம்பி: வியாபாரம் ஓடல.

அக்கா: அதெல்லாம் இல்ல. அவருக்கும் ஒரு தம்பி இருந்திருப்பான். செய்முறை கேட்டிருப்பான்.

தம்பி: நீ கிண்டல் பண்ணு. ஆனா ஒரு விஷயத்துல மட்டும் நான் கையே வெக்கல. சோடா. அதுல நீ சொன்னதை வரிக்கு வரி செஞ்சேன். அதுலயும் நீ வாய் தவறி "ஊத்து"ன்னு சொல்லிட்டே, நான் திருத்திக்கிட்டுக் கொட்டினேன்.

அக்கா: சோடாவைக் கொட்டினியா?

தம்பி: ஒரு கப் சொன்னே. இருந்தது அரைக் கப்புதான். ஒருவேளை அதனாலதான் கட்டலியோ?

அக்கா: மீதியைக் குடிச்சிருப்பே.

தம்பி: அதைப் போய் யாராவது குடிப்பாங்களா?

அக்கா: ஏன், சில்லுன்னு இல்லியா?

தம்பி: சில்லுன்னு இருந்தாத்தான் சரியா வரும்னு நீ சொன்னியேன்னு டப்பாவை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தேனே.

அக்கா: டப்பாவையா?

தம்பி: டப்பாதான். காலையில மூடி இறுகிப்போய்த் திறக்கவே வரல.

அக்கா: தம்பி, நிதானமாக் கேளு. அந்த டப்பாவை எடு. மேல என்ன எழுதியிருக்குன்னு படி.

தம்பி: "சமையல் சோடா."

(போனில் வெறும் காற்றுச் சத்தம்.)

தம்பி: அக்கா? லைன்ல இருக்கியா?

அக்கா: இருக்கேன். சோடாடா! பாட்டில்ல வரும்ல, எலுமிச்சை சோடா, செவன் அப் மாதிரி! பொடியை வெந்நீர்ல கரைச்சு ஆறவெச்சு, சில்லுன்னு இருக்கற சோடாவைப் பாத்திரத்து ஓரமா மெதுவா ஊத்து, ரொம்பக் கிண்டாதே, நுரை அடங்கிடக் கூடாது, அந்தக் குமிழி ஜெல்லிக்குள்ள மாட்டிக்கிட்டு நாக்குல சுருசுருன்னு இருக்கும்னு...

தம்பி: அடங்கலக்கா.

அக்கா: என்ன?

தம்பி: நுரை. நீ சொன்ன மாதிரியே. இன்னும் அடங்கல.

அக்கா: எப்படி அடங்கும்? ஜெல்லிப் பொடியிலயே புளிப்புக்கு அமிலம் சேர்த்திருப்பாங்க. அது போதாதுன்னு அன்னாசி, கிவின்னு அத்தனை புளிப்பு. அதுல அரைக் கப் சோடா உப்பைக் கொட்டினா? நான் பாட்டில்ல அடைச்ச கரியமில வாயுவைக் கேட்டேன். நீ வீட்டுலயே தயார் பண்ணிட்டே.

தம்பி: முதல்ல பாத்திரத்தை விட்டு வெளிய வந்துச்சு. அப்புறம் மேடையை விட்டு. திராட்சை அடியில இருக்குன்னு சொன்னேன்ல? தரையில.

அக்கா: செவன் அப் 1929ல முதல்ல வந்தப்ப அதுல லித்தியம் கலந்திருந்தாங்களாம். மனநோய்க்குக் கொடுக்கற மருந்து. அப்புறம் எடுத்துட்டாங்க. என்ன அவசரமோ, நான் உன்கூடப் பேசி முடிக்கற வரைக்கும் விட்டு வெச்சிருக்கலாம்.

தம்பி: நீ வெறும் சோடான்னு சொன்னே. அதை ஒத்துக்கோ. தப்பு பாதி உன் மேல.

அக்கா: சரி, சோடாவை ஒத்துக்கறேன். அன்னாசி?

தம்பி: அது சின்ன மாற்றம்.

அக்கா: பப்பாளி, கிவி, அத்தி?

தம்பி: அது அதே மாற்றத்தோட தொடர்ச்சி.

அக்கா: அடுக்கு?

தம்பி: அது நேரம் மிச்சம் பண்ண.

அக்கா: மிச்சம் பண்ணின நேரத்துல என்ன பண்ணினே?

தம்பி: தரை துடைக்கணுமேன்னு... யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

அக்கா: இப்ப ஏதோ பாத்திரம் உருள்ற சத்தம் கேக்குதே, யாரு?

தம்பி: அவதான். கழுவிக்கிட்டு இருக்கா. தரையையும் அவளே துடைச்சுட்டா.

அக்கா: ம். அதுல மட்டும் ஒரு சின்ன மாற்றம்கூடச் செய்யத் தோணல, இல்ல?

(சத்தம் ஒரு நொடி நிற்கிறது. அந்தப் பக்கம் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்க வேண்டும். பிறகு முன்பைவிடக் கொஞ்சம் உற்சாகமாகவே உருள்கிறது.)

தம்பி: அக்கா, நீ விஷயத்தை எங்கெங்கயோ கொண்டு போறே. நான் ரெசிப்பி பத்தித்தான் பேச வந்தேன்.

அக்கா: சரி, ரெசிப்பி பத்தியே பேசுவோம். பாத்திரத்துல மிச்சம் இருந்ததை என்ன பண்ணினே? கீழ ஊத்திட்டேதானே?

தம்பி: ஊத்த மனசு வரல. வடிகட்டி, டம்ளர்ல ஊத்தி, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்துட்டேன்.

அக்கா: கொடுத்துட்டியா? யாருக்கு?

தம்பி: அவ அப்பா அம்மா வந்திருந்தாங்க. அவங்களுக்காகத்தானே செஞ்சதே.

அக்கா: ஐயையோ. குடிச்சாங்களா?

தம்பி: ஆளுக்கு ஒரு வாய். சோப்புத் தண்ணி மாதிரி இருக்குன்னு மாமா சொன்னாரு. அத்தை ஒண்ணுமே சொல்லல, டம்ளரை மெதுவா கீழ வெச்சுட்டு, இந்தச் செய்முறை யாரோடதுன்னு மட்டும் கேட்டாங்க.

அக்கா: நீ என்ன சொன்னே?

தம்பி: உண்மையைத்தான். எங்க அக்கா ரெசிப்பி, அவ சொன்ன மாதிரியே செஞ்சேன்னு.

அக்கா: அதைக் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம்லடா!